நண்பர்க்குத் திறந்த திரை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டுக் கூட்டத்திலே பேச வரவேண்டும் என்று செயலாளர் எம்மை அழைத்தபொழுது, பேசவேண்டிய பொருளையும் தாமே குறித்துத் தந்தார். “பொடியள் ராவு ராவாய்த் திரையைப் பார்த்துக்கொண்டு தங்களுக்குள்ளே சிரிக்கினம், என்ன நடக்குதெண்டு பெரியாக்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ” என்பதே அவர் இட்ட கட்டளை. நாம் பேச வல்லவர் என்பதற்காக எம்மை அவர் தெரிந்தெடுத்தாரல்லர். இந்த விடயத்திலே நாம் ஒரு பெரும் பிழை செய்து, அதன் பயனையும் அனுபவித்தோம் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பிழையைச் சொல்லாமல் இவ்விடத்தைவிட்டு இறங்கப்போவதில்லை. ஆயினும் அதற்கு முன் சொல்லவேண்டியவை சில உள.

இளைஞர் குழுவாகச் சேர்ந்து பேசுவதற்கென்று இக்காலத்திலே பல செயலிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலே கூடியிருக்கும்போது, ஒருவர் தமது கணினித் திரையில் நடப்பதை, நடக்கின்ற அந்தக் கணத்திலேயே, மற்ற நண்பர்கள் தத்தம் வீட்டிலிருந்து பார்க்கும்படி திறந்துவிடலாம். அவர் எழுதினால் எழுத்துத் தெரியும். விளையாடினால் விளையாட்டுத் தெரியும். ஒன்றும் செய்யாமல் யோசித்துக்கொண்டிருந்தால் அதுவுந் தெரியும். செயலாளர் கேட்ட இரவுச் சிரிப்பின் மூலம் இதுதான்.

கேட்டதை மட்டும் கொண்டு பேசுதல் தகாது என்று கருதி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு எமது உறுப்பினர் ஒருவருடைய வீட்டுக்குச் சென்று, அவர் பக்கத்திலே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தோம். அவருடைய தாயார் எமக்குத் தேநீர் தந்து, “நல்லாய்ப் பாருங்கோ, பிறகு எனக்கும் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்பது மணிக்கு நண்பர்கள் வந்து சேர்ந்தார்கள். வந்தார்கள் என்றால் குரலாய் வந்தார்கள். நால்வரும் ஒரே வகுப்பிலே படித்தவர்கள். ஒருவர் கொழும்பிலே வேலை பார்க்கிறார். ஒருவர் பேராதனையிலே படிக்கிறார். மூன்றாமவர் கட்டாரிலே இருக்கிறார். எமக்கு ஒன்பது மணியாகும்போது அவருக்கு மாலை ஆறரை. அவர் அப்பொழுதுதான் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எமது உறுப்பினர் ஒரு பொத்தானை அமுக்கினார். அவருடைய திரை மற்ற மூவருக்கும் திறந்தது.

திரையிலே ஒரு லொறி ஓடிற்று. ‘யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2’ என்னும் அந்த விளையாட்டைச் செக் நாட்டுக் கம்பனி ஒன்று 2012 இல் வெளியிட்டது. ஐரோப்பியப் பட்டினங்களுக்கிடையே லொறியிற் சரக்கு ஏற்றிச் செல்வதே விளையாட்டு முழுவதும். சுடுதல் இல்லை, வெட்டுதல் இல்லை. அன்றைக்கு றொட்டர்டாமிலிருந்து பிராக் நகருக்குச் சரக்குப் போயிற்று. எமது உறுப்பினர் லொறியை ஓட்ட, மற்ற மூவரும் பார்த்தார்கள். “பின்னாலே கார் வருது, கண்ணாடியைப் பார்” என்று கட்டாரிலிருந்து குரல் வந்தது. “உவன் நெடுக இப்பிடித்தான், சைக்கிளையும் பார்க்காமல்தான் திருப்புவான்” என்றது கொழும்புக் குரல். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சைக்கிள் எந்தச் சைக்கிள், யார் மீது மோதிற்று என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், எமக்குத் தெரியாது.

அரைமணி நேரம் இவ்வாறு போயிற்று. பின்னர் லொறி ஒரு நீண்ட பெருஞ்சாலையிலே ஏறி ஓடத் தொடங்கியது. ஒருவரும் பேசவில்லை. சிறிது நேரத்திற்குப் பின் பேராதனையிலிருப்பவர், தம்முடைய தகப்பனாருக்குச் சிறுநீரகம் பழுதென்று வைத்தியர் சொல்லிவிட்டதாக, அன்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். லொறி ஓடிக்கொண்டேயிருந்தது. எமது உறுப்பினர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “எப்ப தெரியும்?” என்று கேட்டார். “செவ்வாய்க்கிழமை.” கட்டாரிலிருப்பவர் பணம் எவ்வளவு வேண்டும் என்று நேரே கேட்டார். அப்படியே பேச்சு வளர்ந்து, கிழமைக்கு எத்தனை நாள் ஆசுபத்திரிக்குப் போகவேண்டும், யார் மோட்டார் சைக்கிளிலே ஏற்றிப்போவது, தாயாருக்கு யார் சொல்வது என்பதெல்லாம் தீர்மானமாயிற்று. லொறி பிராக் நகரைச் சென்றடைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

நாம் திரும்பும்போது அத்தாயார் படலையடியிலே நின்று, “என்ன, விளையாட்டோ?” என்று கேட்டார். ஓம் என்றோம். வேறென்ன சொல்வதென்று அப்பொழுது எமக்குத் தெரியவில்லை.

பெரியோர்களே, ஒருவர் விளையாட மற்றவர் பார்த்திருப்பது வீண்பொழுது என்று உங்களிற் பலர் கருதுகிறீர்கள். நாமும் அப்படியே கருதியிருந்தோம். ஆனால் வாசிகசாலை விறாந்தையிலே நால்வர் இருந்து முந்நூற்றுநாலு விளையாடும்போது அவர்களைச் சுற்றி எத்தனைபேர் நிற்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் துரும்பு என்னவென்று அறிந்துகொண்டு, வாயை மூடியிருக்கமாட்டாமல் இருமிக் காட்டுபவர்களும் அவர்களுள் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் சீட்டுக்காகவா அங்கே நின்றார்கள்? கமத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆள் தேடியதும், கல்யாணப் பேச்சுக்கு அடியெடுத்ததும், பகைத்த சகோதரர் இருவர் பத்து வருடத்துக்குப் பின் ஒரு சொல் பேசியதும் அந்த விறாந்தையிலேதான். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததை, இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிடலாம். எமது இளைஞர் நான்கு ஊர்களிலும் நாடுகளிலும் சிதறியிருக்கின்றார்கள். அவர்களுக்கு விறாந்தை எங்கே இருக்கின்றது?

இனி, இந்த வசதி எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது சொல்வோம்.

ஒருவர் திரையை மற்றொருவர் தூரத்திலிருந்து காண்பது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1968 ஆம் ஆண்டு டிசெம்பர் 9 ஆந் திகதி, அமெரிக்காவிலே சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் நடந்த கணினி மகாநாடொன்றில், டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் ஏறக்குறைய ஆயிரம்பேர் முன்னிலையிலே தொண்ணூறு நிமிடம் ஒரு காட்சி நடத்தினார். ஏறக்குறைய முப்பது மைல் தொலைவிலே மென்லோபார்க் என்னும் இடத்திலிருந்த தம் சகாவின் முகம் திரையின் ஒரு பக்கத்திலே தெரிய, இருவரும் ஒரே எழுத்தை ஒரே திரையிலே கண்டு பேசினர். இன்று எல்லார் கையிலும் இருக்கும் ‘மௌஸ்’ என்னும் கருவியும் அன்றைக்கே அங்கே காட்டப்பட்டது. இத்தனை காலத்துக்குப் பின் எமது வீட்டுக்கு வந்திருப்பது அந்தக் காட்சியின் பேரப்பிள்ளைதான்.

அதே சான்பிரான்சிஸ்கோவிலே 2007 ஆம் ஆண்டு ஜஸ்டின் கான் என்னும் இளைஞர் தம் தொப்பியிலே ஒரு கமராவைப் பூட்டிக்கொண்டு, தாம் நடப்பது, உண்பது, உறங்குவது எல்லாவற்றையும் இடைவிடாமல் இணையத்திலே காட்டத் தொடங்கினார். உலகத்தில் எவரும் பார்க்கலாம். அவரும் தோழரும் நடத்திய அந்தத் தளத்திலே, நாளடைவில், மனிதர் வாழ்க்கையைவிட மனிதர் ஆடும் விளையாட்டைப் பார்ப்பவர்களே பெருகினார்கள். எனவே 2011 யூன் மாதம் விளையாட்டுக்கென்றே ‘ட்விட்ச்’ என்ற வேறொரு தளத்தைத் தொடக்கினார்கள். 2014 இல் அமேசன் கம்பனி அதனை 97 கோடி டொலருக்கு வாங்கிற்று. தொப்பிக் கமரா போய்ச் சேர்ந்த இடம் அது.

நாம் சொல்லவந்த வழி வேறு. ஜேசன் சிட்ரன், ஸ்டானிஸ்லாவ் விஷ்னெவ்ஸ்கி என்னும் இருவர் 2015 மே மாதத்திலே ‘டிஸ்கோர்ட்’ என்னும் செயலியை வெளியிட்டார்கள். அச்சொல்லுக்கு ஆங்கிலத்திலே பிணக்கு என்று பொருள். நண்பர் கூடும் இடத்துக்கு இப்படியும் ஒரு பெயர் வைப்பார்களோ என்று நாம் வியந்ததுண்டு. விளையாடும்போது பேசிக்கொள்வதற்கென எழுந்த செயலி அது. 2019 ஓகஸ்டில், குரல் அறையிலே கூடியிருப்பவர்களுக்கு ஒருவர் தம் விளையாட்டைத் திறந்துகாட்டும் வசதியை அதிலே சேர்த்தார்கள். தொடக்கத்திலே எத்தனைபேர் பார்க்கலாம் என்றால், பத்துப்பேர் மட்டும்!

இந்தப் பத்து என்ற எண்ணிலேதான் எமக்குப் பெருமதிப்பு. ட்விட்ச் போன்ற தளத்திலே பார்ப்பவர் தொகை கூடக்கூட ஆடுபவருக்குப் புகழும் பணமும். அதனாலே அவர் சிரிக்கத் தோன்றாதபோதும் சிரிக்கவேண்டும், களைத்தபோதும் கத்தவேண்டும். பத்துப்பேர் அறையிலே எவரையும் மகிழ்விக்க வேண்டிய தேவையில்லை. 2020 மார்ச்சிலே கொரோனா நோய் பரவி, பாடசாலைகளும் அலுவலகங்களும் பூட்டப்பட்டபொழுது, அந்தப் பத்தை ஐம்பதாக்கினார்கள். ஆசிரியர் வகுப்பெடுக்கட்டும், அலுவலர் கூட்டம் நடத்தட்டும் என்ற எண்ணம். அக்காலத்துக்கு அது வேண்டியிருந்தது, குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும் ஐம்பதுபேர் முன்னிலையிலே எவராவது தகப்பனாரின் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசியிருப்பாரா என்பது ஐயமே.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. பல்லாயிரம்பேர் பார்க்கும் ஒளிபரப்பிலே, காட்சியைத் துண்டு துண்டாக்கிச் சேமித்து அனுப்புவதனாலே, இங்கே நடந்தது அங்கே தெரியச் சில வினாடி செல்லும். “பின்னாலே கார்” என்று எச்சரிக்கும்போது மோதி முடிந்திருக்கும். நண்பர் குழுவிலே, இணைப்பு நன்றாயிருந்தால், தாமதம் ஒரு வினாடியிலும் குறைவு. கட்டாரிலிருந்து வந்த எச்சரிக்கை லொறியைக் காப்பாற்றியது அதனாலேதான்.

இது நடக்கும் வகையை அறிய விரும்பும் இளைஞர்களுக்காகச் சில சொற்கள். 1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்திலே 9,21,600 புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டு. வினாடிக்கு முப்பது படம். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு எட்டுக் கோடி இருபத்தொன்பது இலட்சம் பைட்டுக்கு மேல் வரும். அதை அப்படியே அனுப்ப எமது வீட்டு இணைப்பு எதனாலும் இயலாது. ஆகவே மாறியதை மட்டும் அனுப்புகிறார்கள். தேர்த்திருவிழாவன்று கண் தெரியாத ஆச்சி ஒருவர் வீட்டிலிருக்க, பேரன் வீதியிலே நின்று தொலைபேசியில் விவரம் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் எத்தனை நிலை, மதில் என்ன நிறம் என்று ஒவ்வொரு தரமும் சொல்வானா? ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு “தேர் வடக்கு வீதிக்குத் திரும்பிட்டுது ஆச்சி” என்பதே போதும். 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் முறை இத்தகையதே. திரையிலே எல்லாம் ஒரேயடியாக மாறினால், அதாவது விரைந்தோடும் விளையாட்டிலும், நீண்ட பக்கத்தை வேகமாய் உருட்டும்போதும், சொல்லவேண்டியது பெருகிவிடுகிறது, பேரனுக்கு மூச்சு முட்டுகிறது, படம் கலங்குகிறது.

பார்ப்பவர் பத்துப்பேர் என்றால் காட்டுபவர் வீட்டிலிருந்து பத்துப் பிரதி போவதில்லை. ஒரு பிரதி மட்டும் நடுவிலுள்ள கணினிக்குப் போய், அங்கிருந்து பத்தாகப் பிரிந்து செல்லும். கஞ்சியை வீடு வீடாகக் கொண்டு திரியாமல், ஒரு கிடாரத்திலே மடத்துக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து வார்ப்பதைப் போல. செலவையும் சொல்லிவிடுகிறோம். வினாடிக்கு இருபத்தைந்து இலட்சம் பிற்று வீதம் ஓடுவதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் செல்லும். கைத்தொலைபேசிக்கு அட்டை போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் இதைக் கணக்கிலே வைத்துக்கொள்ளவேண்டும். காசு கொடுத்துப் பார்க்கும் சினிமாவை இவ்வழியாலே நண்பருக்குக் காட்ட முயன்றால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் தெரியும். உரிமையாளர் பூட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் வித்தையை நாம் இங்கே சொல்லப்போவதில்லை; முன்வரிசையிலே சிரிக்கும் இருவருக்கு அது ஏற்கெனவே தெரியும் போலும்.

இனி எமது பிழைக்கு வருவோம்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எழுவருக்கு மாலை வேளையிலே கணக்கியல் சொல்லிக் கொடுத்துவந்தோம். எமது திரையிலே ஐந்தொகையை எழுதிக் காட்டுவோம். அவர்கள் தத்தம் வீட்டிலிருந்து பார்ப்பார்கள். திரையைத் திறக்கும்போது செயலி ஒரு கேள்வி கேட்கும். இந்த ஒரு சாளரத்தை மட்டும் காட்டவா, திரை முழுவதையும் காட்டவா? சாளரம் என்றால் நாம் தெரிந்த அந்த ஏடு மட்டுந்தான் போகும். திரை முழுவதும் என்றால், மேசையிலுள்ளதெல்லாம் போகும். இடையிலே வந்து விழுவதும் போகும். நாம் ஒவ்வொரு நாளும் திரை முழுவதையுமே திறந்துவந்தோம். ஏனென்றால் அதற்கு ஒரு அமுக்கு குறைவு. சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒரு நாள் தேய்மானக் கணக்கின் நடுவிலே, திரையின் மூலையிலே ஒரு செய்தி வந்து விழுந்தது. எமது பழைய நண்பர் ஒருவர் கைத்தொலைபேசியிலே எமக்கு எழுதியது, கணினியிலும் தோன்றும்படி நாமே ஏற்பாடு செய்துவைத்திருந்தோம். அவருடைய பெயர், படம், முதல் இரண்டு வரி. மகளின் நகை அடைவிலே கிடக்கிறது, கல்யாணத்துக்கு முன் மீட்கவேண்டும், ஒரு கைமாற்றுத் தரமுடியுமா என்பதே அந்த இரண்டு வரி. ஆறு வினாடி நின்றிருக்கும். நாம் ஐந்தொகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். “சேர், மேலே ஒண்டு வந்திட்டுது” என்று ஒரு பிள்ளை மெல்லச் சொன்னது. அந்தப் பிள்ளையின் பண்பை நாம் மறக்கமாட்டோம். ஆனால் எழுவரும் கண்டுவிட்டார்கள். எழுவரிலே ஒருவர் நண்பரின் ஒழுங்கையிலே இருப்பவர்.

மூன்று நாள் செல்லவில்லை. சங்கக்கடையிலே ஒருவர் எமது நண்பரிடம், “நகைக்கு ஒழுங்கு சரிவந்திட்டுதோ?” என்று அன்பாகவே கேட்டிருக்கிறார். கேட்டவர் கெட்டவரல்லர். உதவவே கேட்டார். நண்பர் அன்றிரவே எம்மிடம் வந்தார். உள்ளே வரவில்லை. படலையிலே நின்றபடி, “நான் உமக்குத்தானே எழுதினனான்?” என்றார். நடந்ததைச் சொன்னோம். வேண்டுமென்று செய்யவில்லை என்றோம். “அது எனக்குத் தெரியும். நீர் வேண்டுமெண்டு செய்திருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கைமாற்றை அவர் எம்மிடம் வாங்கவில்லை. கல்யாணம் நடந்தது, அழைப்புத் தபாலிலே வந்தது. முப்பது வருடப் பழக்கத்திலே அவர் வீட்டு அழைப்பு எமக்குத் தபாலிலே வந்தது அதுவே முதல் முறை.

அன்றுமுதல் நாம் இதைப் பலமுறை யோசித்திருக்கிறோம். எமது திரை என்று சொல்கிறோம். ஆனால் அதிலே இருப்பவற்றிற் பாதி மற்றவர்களுடையவை. நண்பர் எழுதியவை, தங்கை அனுப்பிய படங்கள், மாணவர் வாங்கிய புள்ளிகள், ஒருவர் எமக்கு மட்டும் என்று நம்பித் தந்த துயரங்கள். திறப்பது நாம், திறந்துவிடப்படுவது அவர்கள். அவர்களை எவரும் கேட்பதில்லை.

நண்பர்தாமே பார்க்கிறார்கள், வெளியே போகாது என்பார் இளைஞர். 2023 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே நடந்ததைச் சொல்வோம். மாசச்சூசெற்ஸ் மாநில விமானக் காவற்படையைச் சேர்ந்த இருபத்தொரு வயது இளைஞர், உக்ரேன் போர் முதலியவை பற்றிய அரசாங்க இரகசியப் பத்திரங்களை டிஸ்கோர்டிலே தமது சிறு நண்பர் குழுவிலே இட்டுவந்தார். அவர் திரையைத் திறந்து காட்டவில்லை. எழுத்தாகவும் படமாகவும் இட்டார். குழு சிறியது, எல்லாரும் கூட்டாளிகள். அங்கிருந்து அப்பத்திரங்கள் வேறு குழுக்களுக்கும், பின்னர் உலகமெங்கும் போயின. அவ்வாண்டு ஏப்ரலிலே பிடிபட்டார். 2024 நவம்பரிலே பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எமது அடைவுச் சீட்டுக்கும் அந்த இரகசியத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம். எனினும் இரண்டும் வெளியேறிய வாசல் ஒன்றுதான்.

டிஸ்கோர்ட் 2024 செப்டெம்பர் தொடக்கம் குரலையும் காட்சியையும் இடையிலே எவரும் காணமுடியாதபடி பூட்டி அனுப்பும் முறையொன்றைக் கொண்டுவந்தது. நல்லதே. ஆனால் அந்தப் பூட்டு வழியிலே நிற்பவனைத்தான் தடுக்கும். வந்து சேர்ந்த இடத்திலே நண்பர் தம் கைத்தொலைபேசியாலே திரையைப் படம் பிடித்தால் எந்தப் பூட்டும் உதவாது. காட்டுபவருக்கு அது தெரியவும் வராது.

பெரியோர்களுக்கு ஒன்று தனியே சொல்லவேண்டும். 2023 ஓகஸ்ட் முதல் வாட்ஸ்அப்பிலும் காணொளி அழைப்பின்போது திரையைக் காட்டலாம். வெளிநாட்டிலிருக்கும் மகன், “அம்மா, திரையைக் காட்டுங்கோ, எங்கே அமுக்கிறதெண்டு சொல்லுறன்” என்று வழிகாட்டிப் படிவம் நிரப்புவிப்பதற்கு இதைப்போல உதவி வேறில்லை. ஆனால் முன்பின் அறியாதவர் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று அழைத்து, திரையைத் திறக்கச் சொன்னால் உடனே தொலைபேசியை வைத்துவிடுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அந்தத் திரையிலேதான் வந்து விழும். நீங்கள் வாயாலே சொல்லவே தேவையில்லை, அவர் பார்த்துக்கொள்வார்.

இளைஞர்களே, உங்கள் சிரிப்பை நிறுத்தச் சொல்லி நாம் வரவில்லை. சாளரத்தை மட்டும் திறவுங்கள். திறக்குமுன் செய்தி வந்து விழாதபடி நிறுத்திவையுங்கள். டிஸ்கோர்டிலே சொந்த விபரங்களை மறைப்பதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு, அதையும் போடுங்கள். அறையிலே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். புதுப் பெயர் ஒன்று இருந்தால் யாரென்று கேட்கத் தயங்காதீர்கள்; வீட்டுக்கு வந்தவரை ஆரெண்டு கேட்பது எமது ஊரிலே மரியாதைக் குறைவன்று. பதின்மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கையரை அந்தச் செயலியிலே சேர்க்கவேண்டாம். அவர்கள் விதியே அதை ஒப்பவில்லை.

நண்பர் பற்றிக் கேட்பீர்கள். கல்யாணம் முடிந்து பல மாதங்களுக்குப் பின், ஓய்வூதியப் படிவம் ஒன்றை இணையத்திலே நிரப்பவேண்டி, வேறு ஆள் கிடைக்காமல் எம்மிடம் வந்தார். இம்முறை உள்ளே வந்தார். நாம் கணினியைத் திறந்தோம். அவர் இருக்கவில்லை; கதிரையின் பின்னே நின்றபடி, “உது இப்ப ஆருக்கும் தெரியுதோ?” என்று கேட்டார். நாம் எழும்பி, எமது கதிரையை அவருக்குக் கொடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தோம். அவர் அதன் நான்கு மூலையையும் ஆறுதலாக ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினார்.